கராஜ் ஆணியில் தொங்கும் நீலக் கோட்டு

ஸ்பிரிங்வேல்,
ஞாயிறு பின்நேரம்.

அன்பு மகள் ராகவிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. என் உடம்பு சுகம். அம்மாவின் உடம்பும் சுகம்தான், மற்றதைக் கீழே எழுதுகிறேன். நீ லண்டனில் நோய்நொடி இல்லாமல், வார்டில் ஓடி ஓடி வேலை செய்தாலும் நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிடுகிறேன். அங்கே வெயில் கொளுத்துகிறது என்று செய்தியில் காட்டினார்கள், அதை நம்பிக் குடை இல்லாமல் போகாதே. இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. கூரைப் பீலியில் இலை அடைத்து மழைத்தண்ணீர் சுவரில் வழிந்தது, நான் ஏணியில் ஏறவில்லை, ஏசாதே, ஆள் பிடித்துத்தான் துப்புரவாக்கினேன். தேசிக்காய் மரம் இந்த முறை கொட்டிக் காய்த்திருக்கிறது. ஊறுகாய் போட ஆளில்லை. பையில் போட்டு வாசலில் வைத்தால் தெருவில் போகிறவர்கள் எடுத்துப் போகிறார்கள், ஒரு வியட்நாம் மனுசி மட்டும் கதவைத் தட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனாள், அன்று முழுக்க என்னோடு கதைத்த ஒரே ஆள் அவள்தான். முந்தியெல்லாம் டிவி சத்தத்தைக் குறைக்கச்சொல்லி அம்மா கத்துவாள், இப்போது நானே கூட்டி வைக்கிறேன், வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்று.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். புதன்கிழமை நீ போனை வைத்த வைப்புக்குப் பிறகு உன் நம்பரை அழுத்த எனக்குத் துணிவு வரவில்லை மகள். அதோடு போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ ஆங்கிலத்தில் தொடங்கிவிடுவாய், எனக்கு மீதி மறந்துபோகும். கடிதம் என்றால் முடியும்வரை நீ வாய் திறக்க முடியாது. முந்தி என்னோடு வேலை செய்த சிறிதரன் பஸ்ஸில் போகும்போது என்னைக் கண்டானாம். அம்மா இருக்கிற நேர்ஸிங் ஹோமுக்கு வெளியே, தெருவோரத்தில், புகைக்கிறவர்களின் நடுவில் நான் நின்றேனாம், புகை மண்டிக்கொண்டு இருந்ததாம். அவன் மனைவியிடம் சொல்ல, அவள் உனக்கு மெசேஜ் போட, நீ என்னைக் கூப்பிட்டு, யூ ப்ராமிஸ்ட் அப்பா, இனி நீங்கள் சொல்லுறது ஒண்டையும் நம்பமாட்டன், மார்கழிக்கு வாறதையும் யோசிக்கவேணும் என்று சொல்லி வைத்துவிட்டாய். சிறிதரன் கண்டது உண்மை. நான் அங்கே நின்றேன், நடுவில்தான் நின்றேன், புகையும் மண்டியது. ஆனால் நான் சிகரட் பத்தவில்லை. உனக்குச் சத்தியம் செய்த நாளிலிருந்து ஒரு இழுவை கூட இல்லை. அங்கே ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் அம்மாவின் சட்டங்களில் இருந்து தொடங்கவேண்டும், கொஞ்சம் பொறுமையாக வாசி.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்தோம். அப்போது நான் குசினி மேசையில் இருந்து தேத்தண்ணியோடு சிகரட் பத்துவேன், அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், அவளுடைய தகப்பனும் சுருட்டுப் பத்தினவர், ஆம்பிளை இருக்கிற வீடென்றால் புகை இருக்கும் என்று நினைத்திருந்தாள். பிறகு டண்டினொங்கில் நான் வேலை செய்த தொழிற்சாலைக்குள் பத்தக்கூடாது என்று பலகை அடித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா கறியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். பிறகு அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பி, அந்தப் பெரிய இரும்புக் கொட்டகைக்கே ஆகாதெண்டால் இந்தச் சின்னக் குசினிக்கு எப்பிடி ஆகும், பிள்ளை நித்திரை கொள்ளுது, பின்னுக்குப் போய்ப் பத்துங்கோ என்றாள். அவ்வளவுதான். குசினியிலிருந்து பின் விறாந்தைக்குப் போனேன். அடுத்தது ரயில் ஸ்டேஷன். கூரைக்குக் கீழே பத்தக்கூடாது என்று எழுதிப் போட்டார்கள், அம்மா வேலைக்குப் போய்வரும் வழியில் அதை வாசித்திருக்கிறாள், எங்கள் விறாந்தைக்கும் கூரை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. விறாந்தையிலிருந்து உடுப்புக் காயப்போடுகிற கம்பியடிக்குப் போனேன். பிள்ளைகள் இருக்கிற காரில் பத்தக்கூடாது என்று சட்டம் வந்தபோது நீ யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டாய், சட்டத்தின் கணக்குப்படி நீ பிள்ளையே இல்லை. அது அம்மாவுக்குச் செல்லுமா? காரில் நான் பத்தாதது போதாதாம், நான் பத்துகிறபோது போடும் நீலக் கோட்டும் காருக்குள் ஏறக்கூடாது, வீட்டுக்குள்ளும் வரக்கூடாது என்று சொல்லி கராஜ் சுவரில் ஒரு ஆணியைத் தானே அடித்து அதில் கொழுவிவிட்டாள். கடைசியாக, கடை வாசலில் மேசை போட்டுச் சாப்பிடுகிற இடங்களிலும் தடை என்றார்கள். அம்மா காயப்போட்ட உடுப்பை எடுத்து மணந்து பார்த்தாள், தேசிக்காய் மரத்தைக் கையால் காட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கம் அதற்கப்பால் எனக்குப் போக இடமில்லை.

நான் சும்மா போகவில்லை, ஒவ்வொரு முறையும் சண்டை பிடித்துவிட்டுத்தான் போனேன். அரசாங்கத்தின் சட்டம் என் வாசல்படியோடு நிற்கவேண்டும், வீட்டுக்குள் வர அதற்கு உரிமை இல்லை என்று ஒருநாள் கத்தினேன். அரசாங்கம் ஏன் வரவேணும், நான் இருக்கிறன்தானே என்றாள். நீ அப்போது மேசையில் இருந்து படித்துக்கொண்டு சிரித்தாய். தெருவில் போட்ட தடையை அம்மா கைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபடியால்தான் என் சிகரட் குறைந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆடி மாத மழைக்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு எத்தனை தரம் போவது, சிலவேளை யன்னலால் மழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். இந்தச் சிறிதரன் அப்படியில்லை. தொழிற்சாலையில் விட்டதையெல்லாம் வீட்டுக்குப் போய் ஹோலில் இருந்து சேர்த்துப் பத்தினான், அவன் மனைவி பாவம் வாய் திறக்கமாட்டாள், அவர்கள் வீட்டுத் திரைச்சீலை எல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. அவன்தான் இப்போது என்னைக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறான்.

அம்மாவுக்கு மறதி வருத்தம் கூடி, காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடி நின்றாளே, அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் போனில் அழுது முடிவெடுத்து அவளை அங்கே கொண்டுபோய் விட்டோம். சட்டம் போட்டவள் வீட்டில் இல்லை. இனி நான் குசினியில் இருந்து பத்தலாம், ஹோலில் பத்தலாம், கட்டிலில் படுத்துக்கொண்டும் பத்தலாம், கேட்க ஒரு ஆளில்லை. ஒருநாள் பழைய கதிரையில் இருந்து தேத்தண்ணியையும் வைத்துக்கொண்டு சிகரட்டை வாயில் வைத்தேன். லைட்டரை அழுத்தக் கை வரவில்லை மகள். எழும்பி கராஜுக்குப் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு மரத்தடிக்கே போனேன். வெறும் வீட்டுக்குப் பயந்து குளிரில் நிற்கிற மடையனைப் பார் என்று எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் போன பிறகும் அவள் சொன்ன இடத்தில் நிற்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு என் நெஞ்சில் சளி கட்டியதும், நீ அழுததும், அம்மா மேல் ஆணையாக நான் சத்தியம் செய்ததும் உனக்குத் தெரியும். கையில் சிகரட் ஆசையை அடக்குகிற பிளாஸ்டர் ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். உன் வார்டில் எல்லோருக்கும் சொன்னாய் என்று கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்லாமல் விட்டேன். நேர்ஸிங் ஹோமில் வளவு முழுக்கத் தடை, பத்துகிறவர்கள் கேற்றுக்கு வெளியே தெருவோரப் புல்லில்தான் நிற்கவேண்டும். நான் பத்தின காலத்தில் பஸ்ஸால் இறங்கியதும் அங்கே நின்று ஒன்றைப் பத்திவிட்டு உள்ளே போவேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு இருப்பாள், நான் கிட்டப் போனதும் மூக்கைச் சுருக்குவாள், திரும்பிப் பார்ப்பாள், பிள்ளை நித்திரை கொள்ளுது, பின்னுக்குப் போய்ப் பத்துங்கோ என்று ஏசுவாள். ஒவ்வொரு நாளும் இதே ஏச்சு. எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது, வந்ததும் வராததுமாகத் தொடங்கிவிட்டாள் என்று சலித்துக்கொள்வேன். சிகரட்டை விட்டேன், ஏச்சும் நின்றது. நின்றது மட்டுமில்லை. நான் உள்ளே போனால் அம்மா நிமிர்ந்து பார்த்து, ஐயா ஆரைப் பாக்க வந்தனீங்கள் என்று கேட்டாள். கதிரையைக் காட்டி, இருங்கோ, இவர் இப்ப வந்திடுவார் என்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னோடு அவள் அவ்வளவு மரியாதையாகக் கதைத்ததில்லை. நான் இருந்தேன். அவள் வாசலைப் பார்த்தபடி இருந்தாள், நானும் வாசலைப் பார்த்தேன், என்னை எதிர்பார்த்து இரண்டு பேரும் இருந்தோம். அங்குள்ளவர்கள் வருத்தம் முற்றிக்கொண்டு போகிறது என்று சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் கொண்டுபோன இடியப்பத்தை, வேறு ஆட்களின் சாப்பாடு வேண்டாம் என்று தள்ளிவைத்தாள். நீ போனில் அம்மா எப்படி என்று கேட்கும்போது சுகம் என்று சொன்னேனே, அந்த நாட்களில் நான் வீட்டுக்கு வந்து லைட்டும் போடாமல் இருந்திருக்கிறேன். தனிமை என்றால் என்ன என்று அவள் வீட்டைவிட்டுப் போனபோது தெரியவில்லை, என்னைத் தெரியாமல் போனபோதுதான் தெரிந்தது.

பிறகு ஒருநாள் காலையில் சரியான குளிர். நல்ல கோட்டு துவைத்துக் காயாமல் கிடந்தது, கராஜுக்குள் போய் ஆணியில் இருந்த நீலக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். வேறு நினைப்பு ஒன்றும் இல்லை. கட்டிலுக்குக் கிட்டப் போனதும் அம்மாவின் மூக்கு சுருங்கியது. எத்தினை தரம் சொல்லுறது உங்களுக்கு, பிள்ளை இருமுறது கேக்கேல்லையோ, பின்னுக்குப் போங்கோ என்றாள். மகள், நான் கோட்டுக் கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். பத்து வருடத்துக்குமேல் அந்தக் கோட்டில் ஏறின புகை, நான் விட்ட பிறகும் அதில் கிடந்திருக்கிறது. சரி சரி போறன் என்றேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன், போயிட்டுக் கெதியா வந்திட்டியள் என்றாள், இடியப்பத்தை எடுத்து வாயில் வைத்தாள். அந்தக் காலையில் நாங்கள் புருசன் பெண்சாதியாக இருந்து சாப்பிட்டோம். அன்றிலிருந்து நீலக் கோட்டுத்தான். மணம் போய்விடும் என்ற பயத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதே ஆணியில் தொங்கவிடுவேன், வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, சட்டம் சட்டம்தானே.

என் மடத்தனம், போன மாதம் அறை வெக்கையாக இருக்கிறது என்று கழற்றிக் கதிரையில் போட்டவன் மறந்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே மரிசெல் என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் அம்மாவைப் பார்க்கிறாள், தங்கமான பிள்ளை. கோட்டில் சிகரட் நாறுகிறது, பாவம் கிழவர் தனியாள், யார் துவைத்துக் கொடுப்பார்கள் என்று எண்ணி, அதைத் தோய்த்து, உலர்த்தி, கொலரில் பவளம் என்று அம்மாவின் பெயரையும் ஒட்டி, மடித்து என் கையில் தந்தாள். பூ வாசம். நான் நன்றி சொன்னேன், வேறு என்ன சொல்வது. உள்ளே போனேன். ஐயா, கதிரையில இருங்கோ என்றாள் அம்மா.

அன்றைக்கு வெளியே வந்து புல்லில் நின்றேன். அங்கே எப்போதும் நாலைந்து பேர் பத்திக்கொண்டு நிற்பார்கள், குசினியில் வேலை செய்கிற ஒருவன், தாயைப் பார்க்க வருகிற ஒரு கிரேக்கன், வயர் வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன். சிகரட் வாங்க என் கால் கடைப்பக்கம் திரும்பியது உண்மை. மறைக்கமாட்டேன். ஒன்றே ஒன்று, மகளுக்குத் தெரியாது, மனைவிக்காகத்தானே என்று மனம் சொன்னது. ஆனால் சத்தியம் செய்தது அம்மாவின் மேல். அவளுக்குச் செய்கிற நன்மைக்கு அவள் பெயரில் செய்ததை எப்படி முறிப்பது. அப்போதுதான் இந்தப் புத்தி வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் போய் நின்றேன். கிரேக்கன் ஒரு சிகரட்டை நீட்டினான். வேண்டாம், நீங்கள் பத்துங்கோ, நான் சும்மா நிற்கிறேன் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எலக்ட்ரீஷியன் வைத்திருந்தது இந்தக் காலத்து மின்சிகரட், வேப் என்கிறார்கள், அது மாம்பழ வாசம் அடித்தது, அவனை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்டேன், மாம்பழ வாசத்தோடு போனால் அம்மா என்னைப் பழக்கடைக்காரன் என்று நினைத்துவிடுவாள். இடைவேளைக்கு வந்த மரிசெலும் அங்கே நின்றாள், அவளும் பத்துகிறவள்தான். என்னிடம் ஏன் என்று கேட்டாள். என் ஆங்கிலத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், நான்தானே தோய்த்தேன் என்றாள். பிறகு எல்லோரும் கொஞ்சம் கிட்ட வந்து நின்றார்கள். சிறிதரனின் பஸ் போனது அப்போதாகத்தான் இருக்கும்.

மற்றவர்களின் புகையும் கூடாது என்று நீ ஏசப்போகிறாய், நெஞ்சு நோயாளிகளை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நீ. அதற்கும் வழி செய்தாகிவிட்டது. இப்போது கோட்டு மட்டும் வேலியில் தொங்குகிறது, அவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று பத்துகிறார்கள், நான் எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடத்து வாங்கில் குந்தியிருக்கிறேன். இடைவேளை முடிந்ததும் மரிசெல் கையைக் காட்டுவாள், போய்ப் போட்டுக்கொண்டு உள்ளே போவேன். முந்தின மாதிரி இல்லை, பழைய மணம் பழைய மணம்தான். சில நாட்கள் அம்மா மூக்கைச் சுருக்குகிறாள், சில நாட்கள் ஐயா என்கிறாள். ஐயா என்கிற நாட்கள் கூடிக்கொண்டு வருகின்றன, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இப்போது நான் கேட்கிறதைக் கேள். நீ என்னோடு கோபமாக இரு, ஆனால் வருவதை யோசிக்காதே, வா. மார்கழி வரை பொறுக்கவேண்டாம், லீவு தருவார்கள் என்றால் முந்தி வா. உன்னைக் கண்டால் அம்மாவுக்கு அடையாளம் தெரியும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். உன் போட்டோவைக் காட்டினேன், வடிவான பிள்ளை, ஆரின்ர பிள்ளை என்று கேட்டாள். ஆனால் என்னை ஏசுகிற நாட்களில் நீ அந்த அறையில் இருக்கிறாய். சத்தம் போடாமல் குரலைத் தணித்துத்தான் ஏசுகிறாள். ஏசிக்கொண்டே கட்டிலில் தனக்குப் பக்கத்தில் கையால் மெல்லத் தட்டுகிறாள், போர்வையை இழுத்து அந்த வெறும் இடத்தை மூடுகிறாள். அவளுடைய மனதில் வேறு எல்லாம் போய்விட்டது, அந்த இடத்தில் மட்டும் நீ இன்னும் படுத்திருக்கிறாய்.

வரும்போது எனக்கு ஒன்றும் கொண்டுவராதே, உனக்குக் காலுக்குப் போடத் தடித்த மேஸ் மட்டும் கொண்டுவா, உன் அறை ஹீட்டர் சரியாக வேலை செய்வதில்லை. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல சுகத்தோடும் இருக்கவேண்டும், உன் கையால் குணமாகிறவர்களின் வாழ்த்து உன்னைச் சுற்றி நிற்கவேண்டும், அம்மாவின் ஆசியும் இதில்தான் இருக்கிறது, அவளுக்காக நானே எழுதுகிறேன். மறக்காமல் ஒன்று. நாங்கள் இருவரும் அந்த அறைக்குப் போகும்போது நான் நீலக் கோட்டோடு முன்னுக்குப் போவேன், நீ கதிரையில் இரு. அம்மா என்னை ஏசத் தொடங்கினால் நீ அம்மா என்று கூப்பிட்டுவிடாதே, அழுதாலும் சத்தம் வராமல் அழு. அந்த நேரம் நீ நித்திரை.

இப்படிக்கு,
பின்னுக்குப் போய் நிற்கிற உன் அப்பா,
யோகேஸ்வரன்